மலாயாச் சீவுளி: பழைய கைக்கருவிகளின் படங்களும் நினைவுகளும்

07.01.2024, கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

அப்பப்பாவின் பெட்டியைத் துப்புரவாக்கும்போது மரம் இழைக்கும் ஓர் இரும்புச் சீவுளி கிடைத்தது. அதன் அலகை இறுக்கும் மூடியில் ஸ்ரான்லி என்றும் உடலில் பெய்லி, 4, மேட் இன் இங்கிலண்ட் என்றும் இருக்கிறது. ஸ்ரான்லி அமெரிக்கக் கம்பனி. அதில் இங்கிலாந்து எப்படி வரும்? போலிச் சாமான், இரும்பு விலைக்குப் போடு என்கிறார் மச்சான். 1928 இல் அப்பப்பா மலாயாவிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்தது என்று வீட்டில் சொல்லுவார்கள். படம் அனுப்பியிருக்கிறேன். வைத்திருக்கவா, கொடுக்கவா?

07.01.2024, இரவு

கொடுத்துவிடாதீர்கள், தம்பி. அது போலி இல்லை.

ஸ்ரான்லி அமெரிக்கக் கம்பனிதான், கனெக்டிகட் மாநிலத்து நியூ பிரிட்டன் ஊர்க்காரர். ஆனால் 1930களின் பிற்பாதியில் இங்கிலாந்தின் ஷெபீல்டில் ஒரு பழைய கருவிக் கம்பனியை வாங்கி, அங்கேயும் சீவுளி செய்யத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் நான் கையில் எடுத்துப் பார்த்த ஸ்ரான்லிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்து வார்ப்புகள்தான். பெய்லி என்றிருப்பது லெனாட் பெய்லி என்பவரின் பெயர். அலகைத் திருகாணி கொண்டு ஏற்றி இறக்கும் இந்த அமைப்பு அவருடையது. அவருடைய உரிமங்களை ஸ்ரான்லி 1869 இல் வாங்கியது. 4 என்பது அளவு. நீளம் ஒன்பதரை அங்குலத்துக்குக் கிட்ட, அலகு 2 அங்குலம். கடைசியாக மரத்தை மினுக்கி எடுக்கிற வேலைக்கு உரியது.

மலாயாக் கதைதான் இடிக்கிறது. இங்கிலாந்து வார்ப்பு என்றால் 1928 இல் அது வந்திருக்க முடியாது.

அடுத்த முறை படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அடிமட்டம் வையுங்கள்.

08.01.2024

நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். நான் சொன்ன வருடக் கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒரு குடும்பம் தொண்ணூறு வருடமாகச் சொல்லி வந்த கதையை இரண்டு வரியில் தள்ளிவிட்டது மனதுக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் எத்தனையோ வீட்டில் ஒருவர் மலாயா ரயில்வேயிலோ கந்தோரிலோ இருந்தார். அவர்கள் கொண்டுவந்த பொருள்கள் இப்போதும் இருக்கின்றன.

அதனால் ஒன்று கேட்கிறேன். சீவுளியைக் கழற்றி, அலகையும் மூடியையும் உடலையும் தனித்தனியே படம் எடுத்து அனுப்புங்கள். இந்தச் சீவுளிகளில் ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்தும். உடல் ஒரு நாட்டிலும் அலகு இன்னொரு நாட்டிலும் பிறந்திருக்கலாம். 1910க்குப் பிந்திய அமெரிக்க உடல் சிலவற்றில், அலகு உட்காரும் இடத்துக்குப் பின்னால், 1902 இன் இரண்டு திகதிகளும் 1910 இன் ஒரு திகதியும் வார்த்திருக்கும். அவை உரிமம் பெற்ற திகதிகள். உங்களுடையதில் அது இல்லை. ஆனாலும் மற்றப் பாகங்களைப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது.

08.01.2024, பின்னேரம்

ஸ்ரான்லி என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் எங்கள் ஐயாவின் சீவுளியில் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, அது யாழ்ப்பாண நகரத்து ஸ்ரான்லி வீதியில் செய்தது என்றே நம்பியிருந்தேன். இரும்புச் சாமான் வாங்க ஐயா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போவது அந்த வீதிக்குத்தான். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வீதிக்கும் கம்பனிக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று ஐயா சொன்னபோது பெரிய ஏமாற்றமாக இருந்தது. ரொறன்ரோவில் இருக்கும் ஓர் அண்ணை தானும் அப்படித்தான் நினைத்திருந்ததாக இப்போது எழுதியிருக்கிறார்.

12.01.2024

ஐயாவின் கருவிகள் இருக்கும் சாக்குப்பையை இன்று முற்றத்தில் விரித்து, காலை வெயிலில் படம் எடுத்தேன். சாய்ந்த வெயில்தான் நல்லது. உச்சி வெயிலில் தெரியாத முத்திரை எழுத்தெல்லாம் காலை ஏழரைக்குத் தெரிகிறது.

முதலாவது படம் சீவுளி, 5 ஆம் எண், 14 அங்குலம். வலது கைப் பிடி இரண்டாகப் பிளந்து செப்புக் கம்பியால் சுற்றியிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இரண்டாவது கொட்டாப்புளி, உளியை அடிக்கிற மரச்சுத்தியல். புளியமரத்து வைரத்தில் செய்தது. அதனால்தான் அந்தப் பெயர் வந்தது. ஒரு முகம் கிண்ணம் மாதிரிக் குழிந்துவிட்டது. எத்தனை ஆயிரம் அடி அடித்தால் புளிய வைரம் குழியும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது ரேபோன் மடிக்கோல், பேர்மிங்ஹாமில் செய்தது. நான்காக மடியும் இரண்டடி. பித்தளைக் கீலில் ஒன்று உடைந்து ஒரு துண்டு தொலைந்துபோனதால் இப்போது 18 அங்குலம்தான். முதல் ஆறு அங்குலமே இல்லை. ஐயா அந்தக் கோலைக்கொண்டே அளந்து, ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஆறைக் கழித்துக்கொள்வார். ஒரு கதவுகூடப் பிழைத்ததில்லை.

நான்காவது வாள், ஐந்தாவது மரத்தில் துளை போடுகிற துறப்பணம். துறப்பணத்தின் வில் பூச்சி அரித்துப் போய்விட்டது, தண்டும் ஊசியும் மட்டும் மிச்சம். வாளின் பிடியில் இருக்கும் பித்தளைப் பொட்டில் டிஸ்டன், பிலடெல்பியா என்று வாசிக்கலாம். ஹென்றி டிஸ்டன் 1840 இல் தொடங்கிய பட்டறை அது.

13.01.2024

கொட்டாப்புளி பற்றி நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். புளியில் செய்வதால் அந்தப் பெயர் என்பது ஐயா சொன்னது. அகராதியில் கொட்டாப்பிடி என்றும் ஒரு வடிவம் இருக்கிறதே என்று பருத்தித்துறை ஆசிரியர் ஒருவர் காட்டினார். பார்த்தேன், இருக்கிறது. ஆகவே புளியமரத்தை இந்தப் பெயருக்குள் இழுத்தது சரியில்லை. மரம் புளி என்பது மட்டும் உண்மை.

சொல் என்று வந்தபிறகு அலவாங்கையும் சொல்லிவிடுகிறேன். அது போர்த்துக்கேயரின் அலவாங்கா. நெம்புகோல் என்று பொருள். 1619 இல் அவர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, 1658 இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆனால் கதிரையும் அலமாரியும் அலவாங்கும் எங்களோடு தங்கிவிட்டன. கிணறு வெட்டுகிறவர் எங்கள் சுண்ணாம்புக்கல்லில் அலவாங்கைப் போடும் சத்தம் நாலு வளவு தாண்டிக் கேட்கும்.

மண்வெட்டி மறுபக்கம் போயிருக்கிறது. எங்கள் மண்வெட்டியைத்தான் வெள்ளைக்காரர் மமோட்டி என்று தங்கள் அகராதியில் எழுதிக்கொண்டார்கள். பிறகு வுல்வர்ஹாம்டனில் சில்லிங்டன் கம்பனி அதைச் செய்து, முதலை முத்திரை குத்தி எங்களுக்கே அனுப்பியது. தேய்ந்து பாதியான முதலை மண்வெட்டி யாரிடமாவது இருந்தால் படம் அனுப்புங்கள். புதியது வேண்டாம். முதலையின் வால் மட்டும் மிஞ்சியிருக்கும் ஒன்றைத்தான் பார்க்க விரும்புகிறேன்.

16.01.2024

பொங்கல் முடிந்து வந்து பார்த்தால் ரொறன்ரோவிலிருந்து ஓர் அக்கா கோபமாக எழுதியிருக்கிறார். கைக்கருவி என்றால் ஆம்பிளையளின் தச்சுப்பெட்டி மட்டும்தானா, நாங்கள் வீட்டில் பிடித்ததெல்லாம் என்ன என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. அவர் அனுப்பிய படத்தில் இருப்பது அவருடைய அம்மம்மாவின் சத்தகம். ஓலை வாருகிற சின்னக் கத்தி, உள்ளங்கைக்குள் அடங்கும். அம்மம்மா அதனால் குருத்தோலையை ஒரே அகலத்தில் வார்ந்து பெட்டியும் நீத்துப்பெட்டியும் பாயும் இழைத்தவர். அடிமட்டம் வைத்து அளந்ததில்லை. பெருவிரல் நகம்தான் அளவு. கனடாவுக்குப் போகும்போது அக்கா எடுத்துக்கொண்டு போனது இரண்டு சேலையும் அந்தச் சத்தகமும்.

இதைப் பார்த்துவிட்டு எங்கள் அம்மாவின் தேங்காய் துருவுகிற திருவலையை எடுத்து வைத்தேன். பலகை பாலை மரம். ஐயா செய்தது. நாக்கு கம்மாலையில், கொல்லர் பட்டறையில், அடித்தது. பலகையில் அம்மா கால் வைத்து அழுத்துகிற இடம் எண்ணெய் பூசியதுபோல மினுங்குகிறது. ஐயாவின் கருவிகளைப் பற்றி எத்தனையோ நாள் பேசியிருக்கிறேன். தினமும் இரண்டு தரம் வேலை செய்த இதை ஒரு நாளும் படம் எடுத்ததில்லை. இப்போது எடுத்துவிட்டேன்.

17.01.2024

கொக்கைச் சத்தகம் வேறு, சத்தகம் வேறு. ஒருவர் இரண்டையும் குழப்பியிருக்கிறார். கொக்கைச் சத்தகத்தைத் தடியின் நுனியில் கட்டி ஆட்டுக்குக் குழை பறிப்பார்கள்.

17.01.2024, இரவு

கைதடியிலிருந்து வந்த படத்தில் இருப்பது சின்ன மண்வெட்டி இல்லை, வாய்ச்சி. கோடாலியின் வாய் பிடியோடு ஒரே போக்கில் நிற்கும். வாய்ச்சியின் வாய் பிடிக்குக் குறுக்கே நிற்கும். கூரைக்குப் போடும் பனை வளையை நின்றபடி செதுக்க அதுதான் வேண்டும். சீவுளியைப் பனையில் வைத்தால் அதன் நார் அலகைக் கொஞ்ச நேரத்தில் மழுக்கிவிடும். ஐயா ஒரு வளைக்கு முக்கால் பங்கு வேலையை வாய்ச்சியால் முடித்துவிட்டுத்தான் சீவுளியைத் தொடுவார்.

இதையே வல்வெட்டித்துறையில் கப்பல் கட்டியவர்களும் பிடித்தார்கள். அங்கே 1930 இல் கட்டிய அன்னபூரணி 1938 இல் மசாசுசெட்ஸ் குளோஸ்டர் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. பாய்க்கப்பல். வாய்ச்சியாலும் உளியாலும் துறப்பணத்தாலும் உருவான உடல் அத்திலாந்திக்கைக் கடந்திருக்கிறது. பலகைப் பொருத்துக்குள் பஞ்சோ நாரோ அடித்து நீர் புகாமல் அடைக்கும் கலப்பத்து உளி ஒன்று அந்தப் பக்கத்து வீடுகளில் எங்காவது கிடக்க வேண்டும். வாய் மழுங்கலாக, நுனியில் சில வேளை ஒரு நீளக் காடி ஓடியிருக்கும். மழுங்கிய உளி என்று நினைத்து யாரும் தீட்டிவிடாதீர்கள். அது மழுங்கலாகத்தான் இருக்க வேண்டும். கூராக இருந்தால் பஞ்சை அறுத்துவிடும்.

21.01.2024

துரு எடுப்பது எப்படி என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. இரும்பை ஒரு மாரி கவனிக்காமல் விட்டால் போதும்.

முதலில் படம். துருவோடு ஒரு படம் கட்டாயம். துருவுக்குள் முத்திரை, பெயரெழுத்து, சாயம் எதுவும் இருக்கலாம்.

வினாகிரியில் ஊறவிடலாம், ஓர் இரவு மட்டும். நான் ஐயாவின் அரையங்குல உளியை ஊறப்போட்டுவிட்டு கொழும்புக்குப் போய், மூன்று நாள் கழித்து வந்து எடுத்தேன். துருவும் போயிருந்தது, ஐயா ஆணியால் கீறிய அவருடைய முதலெழுத்தும் போயிருந்தது. சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக ஓர் இரும்புதான் கையில் வந்தது. இன்றைக்கும் அதைத் தொட மனம் வருவதில்லை.

அதற்குப் பிறகு மின்சார முறைதான். பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா. 12 வோல்ற் பற்றரி சார்ஜரின் கறுப்பு வயரைக் கருவியிலும் சிவப்பு வயரைப் பழைய இரும்புத் துண்டிலும் கொடுக்க வேண்டும். இரண்டும் முட்டக்கூடாது. துரு மட்டும் தளர்ந்து வரும், நல்ல இரும்பைத் தின்னாது. திறந்த வெளியில் செய்யுங்கள், வருவது ஐதரசன். இரும்புத் துண்டுக்குப் பதிலாகச் துருப்பிடிக்காத சில்வர் கரண்டியைப் போடவே வேண்டாம். அதில் குரோமியம் இருக்கிறது, தண்ணீர் நஞ்சாகும்.

முடிந்ததும் காயவைத்துத் தேங்காயெண்ணெய் பூசுங்கள். நல்லெண்ணெய் பூசினால் சில மாதத்தில் பிசினாகப் பிடிக்கும்.

04.02.2024

செப்புக் கம்பியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுத வேண்டாம் என்று நினைத்து வைத்திருந்தது.

1995 ஒக்ரோபர் 30. போரால் வலிகாமமே ஊரைவிட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்த இரவு. சைக்கிளின் கரியரில் எதைக் கட்டுவது என்று ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வாக்குவாதம். அம்மா தையல் மெசினைச் சொன்னா. ஐயா இந்தச் சாக்குப்பையைக் கட்டினார். மெசின் ஓர் ஆளுக்கு வேலை தரும், இது போகிற இடத்தில் கூரை தரும் என்றார். பெரிய இழுவை வாளையும் அலவாங்கையும் கிணற்றடியில் விட்டோம். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க மணிக்கணக்காக ஆனது. மழை. ஒரு கட்டத்தில் சைக்கிளே சரிந்து பை தண்ணீருக்குள் விழுந்தது. அங்கேதான் சீவுளியின் பிடி பிளந்தது.

கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு தென்னங்காணியில் இருந்தோம். ஐயா ஒரு பழுதான சைக்கிள் டைனமோவைப் பிரித்து, அதற்குள் இருந்த செப்புக் கம்பியை எடுத்து, பிடியைச் சுற்றிக் கட்டினார். அடுத்த நாளே எங்கள் கொட்டிலுக்கும் பக்கத்தில் இருந்த மூன்று குடும்பங்களுக்கும் மரம் சீவினார். கூலி வாங்கவில்லை. 1996 இல் ஊர் திரும்பியபோது வீட்டில் கதவும் இல்லை, யன்னலும் இல்லை, கிணற்றடியில் வாளும் இல்லை. முன்கதவை அந்தச் சீவுளியாலேயே செய்தார். இப்போதும் அந்தக் கதவைத்தான் பூட்டிவிட்டுப் படுக்கிறோம்.

அம்மா மெசினைப் பற்றிக் கடைசிவரை பேசுவா. அவவின் பக்கமும் நியாயம் இருந்தது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

05.02.2024

நேற்றைய குறிப்புக்கு நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் உழவாரத்தையும், ஒருவர் பாக்குவெட்டியையும், ஒருவர் சவரக்கத்தியையும் கொண்டுபோனதாகச் சொல்கிறார்கள். உழவாரத்தைக் கொண்டுபோனவர் மாட்டுக்குப் புல்லுச் செருக்குகிறவர். மாட்டையும் கூட்டிக்கொண்டுதான் நடந்திருக்கிறார்.

18.02.2024

கோண்டாவில் தம்பி கடைசியில் சீவுளியைக் கழற்றிவிட்டார். மூன்று படம், பக்கத்தில் அடிமட்டத்தோடு. நன்றி தம்பி.

உடலும் மூடியும் ஷெபீல்ட். அலகைப் பாருங்கள். முத்திரை இல்லை. ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடச் சற்றுத் தடிப்பு. மேல்முகத்தில் சின்னச் சின்னப் பள்ளம், சுத்தியல் பட்ட அடையாளம். நடுவில் இருக்கும் நீளத் துளையை ஆலையில் வெட்டவில்லை. வரிசையாகத் துளை போட்டு, உளியால் உடைத்து, அரத்தால் ராவியிருக்கிறார்கள். இது கம்மாலை அலகு.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் தேய்ந்த அலகுக்குப் பதில் வாங்க இடமில்லை. எங்கள் ஊர்க் கொல்லர் லொறி ஸ்பிரிங் தகட்டை உலையில் வைத்து அடித்து அலகு செய்தார். பட்டடையாக இருந்தது தண்டவாளத் துண்டு. துருத்தியை நான் இழுத்திருக்கிறேன். தகட்டைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பிறகு ஒரு முகத்தை உரஞ்சி வெளுப்பாக்கி, மெல்ல மறுபடி சூடு காட்டுவார். வெளுத்த இரும்பில் நிறம் ஓடிவரும். வைக்கோல் நிறம் வாய்க்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். நீலம் வரவிட்டால் அது மறுபடி ஸ்பிரிங்தான், மரத்தில் நிற்காது. அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார், பேச்சுக் கொடுத்தால் கையால் மறிப்பார். நிறம் தெரிய வேண்டும் என்று அந்த வேலையை வெயில் வராத மூலையில்தான் செய்வார்.

தம்பி, உங்கள் அலகில் வாயிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு நிழல் கோடு தெரிகிறது. தோய்ச்சல் அதுவரை ஏறியிருக்கலாம். அதைப் பொலிஷ் பண்ணி அழித்துவிடாதீர்கள்.

25.02.2024

தம்பியின் பெரிய மாமி தொலைபேசியில் பேசியிருக்கிறார். வயது 91. மலாயாவிலிருந்து வந்தது சீவுளி இல்லையாம், அது கிடந்த றங்குப்பெட்டியாம். பெட்டியை எல்லோரும் மலாயாப் பெட்டி என்பார்களாம். பிறகு அதற்குள் போட்டதெல்லாம் மலாயாச் சாமான் ஆகிவிட்டது.

7 ஆம் திகதி நான் தள்ளிவிட்ட கதை உண்மைதான். நான் கேட்க வேண்டியிருந்தது எந்தப் பொருளைப் பற்றி அது என்று. றங்குப்பெட்டியின் படமும் வந்திருக்கிறது. பச்சைச் சாயம், மூடியில் வெள்ளையில் எழுதிய பெயரின் கடைசி மூன்று எழுத்து மட்டும் தெரிகிறது. சாய்ந்த வெயிலில் இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள், மிச்சமும் தெரியும்.

03.03.2024

என் சீவுளிக்குப் புதுப் பிடி செய்து தருகிறேன், பூவரசில், பழையதைப் பார்த்து அப்படியே கடைந்து தருவேன் என்று சுன்னாகத்து நண்பர் எழுதியிருக்கிறார். அவருடைய கைவேலை எனக்குத் தெரியும், அருமையாக வரும். இரண்டு நாள் யோசித்தேன். வேண்டாம் அண்ணை. நேற்று அந்தக் கம்பிப் பிடியோடேயே ஒரு முதிரைப் பலகையைச் சீவிப் பார்த்தேன். கம்பியின் முடிச்சு பெருவிரலுக்குக் கீழே உறுத்துகிறது. ஐயாவின் கையில் அந்த இடத்தில் ஒரு காய் இருந்தது.